மைக்கில் நான் சொன்ன முடிவு

சரவணா,

நீ போனில் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உன் பக்கம் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். கல்வராயன் மலைமேல் போய் உட்கார்ந்து படம் எடுக்கிறவனோடு போனில் பேச நினைத்தது என் புத்தி. அதனால் எழுதுகிறேன். நாளைக் காலையில் உங்கள் சமையல் சாமான்களை ஏற்றிக்கொண்டு மேலே வருகிற வேன்காரரிடம் இந்தக் கவரைக் கொடுத்தனுப்புவேன். கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே நீளமானது 'இப்படம் இன்றே கடைசி' என்ற கரும்பலகைதான்.

நீ கேட்டது இதுதான். நீ எடுக்கிற அந்தப் பழைய நாவலில், குடித்துவிட்டு அடித்துக்கொண்டிருந்த புருஷன் ஒருநாள் வீட்டை விட்டுப் போய்விடுகிறான். பன்னிரண்டு வருஷம் கழித்து, நோய் பிடித்த உடம்போடு அடைமழையில் வந்து கதவைத் தட்டுகிறான். உள்ளே இருக்கிற தையல்நாயகி ஜன்னல் வழியாக அவனுக்குச் சோறு கொடுக்கிறாள், போர்த்திக்கொள்ளத் தன் புடவை ஒன்றைக் கொடுக்கிறாள், கதவை மட்டும் திறக்கவில்லை. கதை அங்கே முடிகிறது. உங்கள் தயாரிப்பாளர்கள் கதவு திறந்தே ஆகவேண்டும் என்கிறார்கள், இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு மனசு ஆறாதாம். "அப்பா, நீங்க அத்தினி வருசம் சினிமாக் கொட்டாய்ல ஆபரேட்டரா இருந்தவரு. ஜனங்களுக்கு எது புடிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். தொறக்கலாமா வேணாமா, சொல்லுங்க" என்று கேட்டாய். அடுத்த வாரம் அந்தக் காட்சியை எடுப்பதாகவும் சொன்னாய்.

நாவலில் உள்ளபடியே அச்சு பிசகாமல் எடுக்கச் சொல்கிற ஆள் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை நடப்பது ஆற்றங்கரை ஊரில், நீ அதைத் தூக்கி மலையில் வைத்திருக்கிறாய் என்று எவனோ செல்போனில் உன்னைக் கண்டபடி திட்டியிருந்ததை உன் அம்மா படித்துக் காட்டினாள். நாவலைக் கொன்றுவிட்டாயாம். அவன் கிடக்கிறான் விடு. நெல் வயலுக்குப் பதிலாகச் சாமைக் காடு, மாட்டு வண்டிக்குப் பதிலாக ஜீப் என்றால் தையல்நாயகி செத்தா போய்விடுவாள்? நீ பிறப்பதற்கு முன்பே அதே நாவலை ஒருமுறை படமாக எடுத்தார்கள். நாவலில் அவள் எடுப்புப் பல்காரி. படத்தில் நடித்த அம்மாளுக்கு முத்துப் போலப் பல் வரிசை. நாவலில் இல்லாத ஒரு காமெடிக்காரர் தபால்காரராக வந்து நாலு முறை சைக்கிளிலிருந்து விழுந்தார். நாவலில் வருகிற மாமனாரையே காணோம். அவ்வளவு ஏன், நானே கை வைத்தவன்தானே. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தால் ஒரு ரீலை நைசாகத் தாண்டிவிடுவேன். ஒரு படத்தில் கதாநாயகன் ஜெயிலுக்குப் போனதை யாரும் பார்க்காமலே அவன் விடுதலையாகி வந்துவிட்டான். ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

ஆனால் அந்த நாவலின் முடிவு விஷயத்தில் யோசனை சொல்ல உலகத்திலேயே லாயக்கில்லாத ஆள் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். ஏன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை. உன்னிடம் என்ன, யாரிடமும் சொன்னதில்லை. வெட்கக்கேடு. இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் அக்காவை, உன் பூங்காவனத்து அத்தையை, உனக்கு நான் சொல்லித் தர வேண்டாம். முழாண்டுப் பரீட்சை முடிந்ததும் எலவனாசூர்கோட்டைக்கு அவள் வீட்டுக்கு ஓடிவிடுவாய். பிள்ளையில்லாதவள், உன்னைத் தன் பிள்ளையாகத்தான் வைத்திருந்தாள். நீ முதன்முதலாக இந்தக் கதையைக் கேட்டதும் அவள் வாயால்தான். தையல்நாயகிக்கு ஒரு குரல், மாமனாருக்கு ஒரு குரல் என்று அவள் பேசிக் காட்டியதை நீ வீட்டுக்கு வந்து எங்களுக்கு நடித்துக் காட்டுவாய். ஆனால் கடைசி அத்தியாயத்தை மட்டும் அவள் உனக்குச் சொன்னதே இல்லை. "மிச்சத்த அத்த சொல்ல மாட்டுதுப்பா" என்று நீ என்னிடம் வந்து சிணுங்கியபோதெல்லாம் நான் பேச்சை மாற்றிக்கொண்டு போவேன். பிறகு கல்லூரி நூலகத்தில் எடுத்து நீயே படித்துக்கொண்டாய்.

அந்தக் கதை வாராவாரம் பத்திரிகையில் தொடராக வந்தபோது அவள் கல்யாணமாகாத பெண். ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கங்களை மட்டும் கத்தியால் அறுத்தெடுத்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் திருக்கோவிலூரில் கொடுத்துப் பைண்டு செய்துகொண்டாள். அந்தக் காலத்தில் கதை படிக்கிற பெண்கள் எல்லாருமே அப்படித்தான் செய்வார்கள். ஒரு பக்கம் கதை, பின்பக்கம் பல்பொடி விளம்பரம், நடுவில் ஒரு துணுக்கு. கல்யாணமாகிப் போகும்போது அதைத் துணிகளுக்கு நடுவே வைத்து எடுத்துப் போனாள். மூன்றாம் வருஷம், முகத்தில் வீக்கத்தோடு தன்னந்தனியாகப் பஸ் ஏறிக் கச்சிராயபாளையத்துக்கு வந்து இறங்கியபோதும் கையில் ஒரு பெட்டி, அதற்குள் அந்தப் புத்தகம். அவள் புருஷன், உன் மாமா, குடித்தால் கை நீட்டுவார். குடிக்காத நாளிலும் நீட்ட ஆரம்பித்ததால் வந்துவிட்டாள்.

"நான் திரும்பிப் போவ மாட்டேன்" என்று அவள் சொன்னபோது அப்பா எழுந்து வெளியே போனார், அம்மா அழுதாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவள் எனக்கு அந்த நாவலைப் படித்துக் காட்டினாள். எனக்குப் பத்தாம் வகுப்பே இரண்டு முறை தவறியது, புத்தகத்தோடு ஒட்டாதவன். பகலில் கொட்டகையில் வேலை இருக்காது, நான் கயிற்றுக் கட்டிலில் கிடப்பேன், அவள் அரிசியில் கல் பொறுக்கியபடியே பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பாள். கடைசி அத்தியாயத்தில், கதவுக்கு உள்ளே நிற்கிற தையல்நாயகியின் மனசுக்குள் ஓடுவதை மட்டுமே நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். அதைப் படிக்கும்போது அவள் கல் பொறுக்குவதை நிறுத்திவிடுவாள். முடித்ததும், "பாத்தியாடா, சோத்தையும் குடுத்தா, கதவையும் தொறக்கல. எப்பேர்ப்பட்ட பொம்பள!" என்றாள். நானும் ஆமாக்கா என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டில் இறங்கிய வருஷங்கள் அவை. நம் பக்கத்து ஊர்களில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஆண்கள் மறியலுக்குப் போனார்கள். உன் தாத்தாவும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் ரோட்டில் உட்கார்ந்தார். படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு நியாயம் வேண்டும் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான், நீ கல்லூரிக்குள் கால் வைத்ததும் அதனால்தான், அதை மறந்துவிடாதே. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. நாலைந்து நாள் பஸ் இல்லை, பத்திரிகை இல்லை, பால் வண்டி இல்லை.

இதில் கூத்து என்னவென்றால், மறியலுக்கு முந்தின நாள்தான் உன் மாமாவும் அவருடைய சித்தப்பாவும் அக்காவைக் கூட்டிப்போக வந்திருந்தார்கள். அரை நாள் பேசிவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள் ரோடு அடைபட்டதால் நம் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். நாலு நாளும் அதே பேச்சு. "இன்னாமோ நடந்துபோச்சி, இனிமே கை வெக்க மாட்டான், நான் பொறுப்பு" என்று சித்தப்பா. "பொம்பளன்னா கொஞ்சம் அனுசரிச்சிக்கினுதான் போவணும்" என்று ஊர் மாமன் ஒருவர். அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவர்களுக்கும் சேர்த்து வடித்துக் கொட்டினாள். கேட்டவர்களுக்கெல்லாம் "மாட்டேன்" என்ற ஒரே பதில்தான்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே இப்போதும் பயமாக இருக்கிறது. ஏனென்றால் அப்போதுதான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். திருக்கோவிலூர்ப் பெண். உன் அம்மாதான். பார்த்த அன்றைக்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. பெண்ணின் அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்றவர், கிளம்பும்போது தரகரிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்பினார். "வாழாவெட்டி நாத்தனா குந்திக்கினு இருக்கிற வூட்டுக்கு என் பொண்ண அனுப்ப மாட்டேன். அந்தப் பொண்ணு புருசன் வூட்டுக்குப் போவட்டும், அப்பறம் தேதி குறிக்கலாம்." இது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

மறியலின் மூன்றாம் நாள் நம் டூரிங் கொட்டகையில் அந்தப் படம் போட்டோம். முதலாளி கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்திருந்த பாய். நல்ல மனுஷன். ஊரே அடைந்து கிடக்கிறதே, ஜனங்கள் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று பக்கத்து ஊர்க் கொட்டகையிலிருந்து படப்பெட்டியைச் சைக்கிளில் கொண்டுவர ஆளனுப்பினார். அந்த ஆள் வழியெல்லாம் விழுந்து கிடந்த மரங்களுக்கு மேலே பெட்டியைத் தூக்கித் தூக்கி இறக்கியதில் ஓரிடத்தில் மூடி திறந்து ரீல் டப்பாக்கள் உருண்டோடியிருக்கின்றன. பொறுக்கி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். பதினாலு இருக்கிறதா என்று நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஆபரேட்டரின் முதல் வேலையே அதுதான். எண்ணவில்லை. அந்த வாரம் எனக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை.

முதல் ஆட்டத்துக்கு ஊரே வந்துவிட்டது. வேறு போக்கிடம் ஏது? பெண்கள் பக்கம் மணலில் மூன்றாவது வரிசையில் அம்மாவும் அக்காவும். படம் அவளுடைய கதை என்றதும் நாலு நாளில் முதல்முறையாக அடுப்படியை விட்டு வெளியே வந்திருந்தாள். பெஞ்சில் அப்பா, உன் மாமா, அவருடைய சித்தப்பா. ஒற்றை மெஷின், ஒவ்வொரு ரீலும் முடிந்து மாற்றும்போது விளக்கைப் போடுவோம். அப்போதெல்லாம் அக்கா பக்கத்திலிருந்தவர்களிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வாள். "தபால்காரனெல்லாம் கதையில கெடையாதுடி, இவுங்களா சேத்துக்கினது" என்று அவள் சண்டைக்கு நின்றது என் அறைவரை கேட்டது. பதின்மூன்றாவது ரீல் முடிந்தது. மழை கொட்டுகிறது, கதவு தட்டப்படுகிறது, தையல்நாயகி எழுந்து நிற்கிறாள். அவ்வளவுதான். அடுத்த டப்பாவுக்காகப் பெட்டிக்குள் கையை விட்டேன். பெட்டி காலி.

விசில் பறந்தது. மணலை வாரித் திரைமேல் எறிந்தார்கள். பாய் மூச்சிரைக்க என் அறைக்கு ஓடிவந்தார். "உங்க அக்கா இந்தக் கதைய வெச்சிக்கினு இருக்காளாமே. உனக்கு முடிவு தெரியுமா தெரியாதா?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப மைக்ல சொல்லிடுப்பா. இல்லனா கொட்டாயப் பிரிச்சிடுவானுங்க" என்று விளம்பர மைக்கை என் கையில் திணித்தார்.

சரவணா, மெஷின் அறையில் இரண்டு ஓட்டை இருக்கும். ஒன்று வெளிச்சம் போக, இன்னொன்று நாங்கள் திரையைப் பார்க்க. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டாவது ஓட்டை வழியாகப் பார்த்தேன். எல்லாத் தலையும் பின்னால் திரும்பி என் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவும் திரும்பியிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு. அந்தக் கூட்டத்தில் முடிவு தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். சொல்லுடா, அப்பாவும் இவரும் கேட்கட்டும், சொல்லுடா என்பது போல உட்கார்ந்திருந்தாள். பெஞ்சிலிருந்து உன் மாமாவும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் திருக்கோவிலூர்தான் கண்முன்னால் வந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி ரீலு மறியல்ல மாட்டிக்கிச்சிங்க. கதைய நான் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தேன். தையல்நாயகி தாழ்ப்பாளை நீக்கினாள் என்றேன். புருஷன் காலில் விழுந்து, என்னை மன்னித்துவிடுங்கள், இத்தனை நாள் உங்களைக் காணாமல் தவித்துப்போனேன் என்று கதறினாள் என்றேன். அதோடு விட்டேனா, பாவி? மழை விட்டதாம், கோயில் மணி அடித்ததாம், அதையும் நானே சேர்த்தேன். தபால்காரனைச் சேர்த்தவர்கள் எனக்கு முன்னால் பிச்சை வாங்க வேண்டும். பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஆண்கள் பக்கம் கைதட்டல். "பொம்பளன்னா இப்பிடி இருக்கணும்டா" என்று எவனோ கத்தினான். உன் மாமாவின் சித்தப்பா அப்பாவின் தொடையைத் தட்டினார். அக்கா அதற்குள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லாரும் எழுந்து போன பிறகும், ஒன்றுமே ஓடாத திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஏன்டா இப்படிச் சொன்னாய் என்று கேட்பாள், நாலு அறை விடுவாள் என்று பயந்துகொண்டே போனேன். தட்டில் சோறு போட்டாள். "கொழம்பு ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.

இரண்டு நாளில் ரோடு சரியானது. கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த முதல் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அந்தப் பதினாலாவது டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். வெட்டிய புளியங்கிளைகளுக்கு அடியில் கிடந்ததாம். அதே பஸ் திரும்பும்போது அக்கா உன் மாமாவோடு ஏறிப் போய்விட்டாள். யாரும் அவளை இழுத்துப் போகவில்லை. அவளாகவே பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் கொட்டகைக்குப் போய் அந்த ரீலை மெஷினில் மாட்டி, எல்லாக் கீற்றையும் இறக்கிவிட்டு, நான் ஒருவனாக ஓட்டிப் பார்த்தேன். சினிமாக்காரர்கள் எப்படியும் கதவைத் திறந்திருப்பார்கள், நான் சொன்னதுதான் படத்திலும் இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. பல்லை மாற்றியவர்கள், மாமனாரைத் தின்றவர்கள், தபால்காரனை விட்டு விழுந்து விழுந்து சிரிக்க வைத்தவர்கள் முடிவையா விட்டுவைப்பார்கள்? விட்டுவைத்திருந்தார்கள்டா. அந்த அம்மாள் கதவைத் திறக்கவில்லை. நாலு பக்கம் எழுதியிருந்த மனசை அவள் ஒரு வார்த்தை பேசாமல் காட்டினாள். ஜன்னலில் சோற்றை வைத்தாள், புடவையை வைத்தாள், தாழ்ப்பாள்மேல் கையை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். எடுத்துவிட்டாள். விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவ்வளவையும் மாற்றியவர்கள் அந்தக் கதைக்கு விசுவாசமாக இருந்திருக்கிறார்கள். துரோகம் பண்ணியவன் நான் ஒருவன்தான்.

நீ கேட்டாயே, ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று? அதையும் கேட்டுக்கொள். முடிவைப் பார்க்காமல் போனவர்களுக்காக அன்று சாயங்காலம் பாய் அந்த ரீலை மட்டும் இலவசமாகப் போட்டார். பார்த்துவிட்டு எழுந்தவர்கள் என் அறைப் பக்கம் திரும்பி, "யோவ் ஆபரேட்டரு, நீ சொன்ன முடிவுதான்யா சூப்பரு" என்று கத்திவிட்டுப் போனார்கள். ஆக, உன் தயாரிப்பாளர்கள் சொல்வதில் தப்பில்லை. கதவைத் திறந்தால் கைதட்டுவார்கள். நான் வாங்கியிருக்கிறேன் அந்தக் கைதட்டலை. அடுத்த மாசமே எனக்குக் கல்யாணமும் ஆனது.

அத்தையின் முழங்கைக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறதே, ரசம் கொட்டிக்கொண்டேன் என்று உன்னிடம் சொல்வாளே, அது ரசம் கொட்டியது இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் ஓட்டினாள். கடைசியில் மாமா பக்கவாதத்தில் விழுந்தபோது ஜன்னல் வழியாகக் கொடுக்கவில்லை, தலையைத் தூக்கி மடியில் வைத்து ஊட்டினாள். அவர் போய்ச் சேர்ந்தபோது நான்தான் அதிகம் அழுதேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். யாருக்காக அழுதேன் என்று ஊருக்கு எப்படித் தெரியும்? அந்த மைக்குக்குப் பிறகு அவள் எந்தக் கொட்டகைக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. நாங்கள் கூப்பிட்டபோதெல்லாம் கண் வலிக்கிறது என்பாள்.

நேற்று எலவனாசூர்கோட்டைக்குப் போனேன். உன்னிடம் பதில் சொல்வதற்கு முன்னால் அவளிடம் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். முறத்தை மடியில் வைத்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டேன். நீ அந்தக் கதையைப் படமெடுப்பதைச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது, நீ கிளம்பும் முன் வந்து சொன்னாயாமே. பிறகு ஒருவழியாக, "அக்கா, அன்னிக்கு நானு மைக்ல கதைய மாத்திச் சொன்னேன்" என்றேன்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "கதைய மாத்திட்டன்னா இத்தினி வருசமா மருகிக்கினு இருக்க? அட பைத்தியக்காரா. கதையில இன்னா இருக்குது, மாத்துனா மாத்திட்டுப் போ. நானு கதையவா கேட்டுக்கினு இருந்தேன்? உன் கொரலக் கேட்டுக்கினு இருந்தேன்டா. அப்பா போன்னாரு, அம்மா போன்னுச்சி, ஊரே போன்னுச்சி. நீ ஒருத்தன்தான் ஒண்ணும் சொல்லல. சரி, தம்பி ஒருத்தன் இருக்கான், கஞ்சி ஊத்துவான்னு நெனச்சிக்கினு அந்த நாலு நாளும் தைரியமா மாட்டேன் மாட்டேன்னு சொல்லிக்கினு இருந்தேன். நீ மைக்ல சொன்ன. வூட்டுக்கு வந்து துணிய மடிச்சி வெச்சிட்டேன்."

அவளுக்குத் திருக்கோவிலூர் விஷயமும் அப்போதே தெரிந்திருக்கிறது. அடுப்படியில் இருப்பவர்களுக்கு எல்லாம் காதில் விழும் என்றாள். அன்றைக்கு நான் உன்னிடம் நேராக வந்து, அக்கா நீ போய்த்தான் ஆகணும், எனக்குக் கல்யாணம் ஆகணும் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். "சண்ட போட்டிருப்பேன். எங்கனா ஒரு குடிச போட்டுக்கினு கூலி வேலைக்குப் போயிருப்பேன். நேரா சொல்றவங்கிட்ட சண்டையாச்சும் போடலாம். மைக்குகிட்ட எப்பிடிடா சண்ட போடறது?" என்றாள். அவள் காலைத் தொட்டேன். மல்லாட்டைத் தொலியைத் தட்டிவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கிற மாதிரிதான் வைத்தாள். நாற்பது வருஷம் கழித்துக் கிடைத்தாலும், கிடைத்ததே என்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "படத்துல இன்னா முடிவு வெக்கிறானாம் அவன்?" என்று கேட்டாள். "தெரியலக்கா, என்னத்தான் யோசன கேட்டிருக்கான்" என்றேன். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். "உன்னயா?" என்றாள். பிறகு சிரித்தாள் பார், அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். திருக்கோவிலூர் பகுதி வந்தபோது எழுந்து போய்க் குடத்திலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். தன் அப்பா அப்படிச் சொல்லியனுப்பியது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். அதை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம், இருக்கட்டும். அவனுக்கும் தெரியட்டும்" என்றாள். நாளைக்கு அவளும் எலவனாசூர்கோட்டைக்குப் போகிறாளாம். என்ன பேசப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். திற என்றும் சொல்ல மாட்டேன், திறக்காதே என்றும் சொல்ல மாட்டேன். உன் தையல்நாயகி வேறு, மலைக்காரி, அவள் திறப்பதற்கு நியாயமான காரணம் உன்னிடம் இருந்தாலும் இருக்கலாம். நான் மாற்றியது தப்பில்லை, யாருக்குப் பயந்து மாற்றினேனோ அது தப்பு. பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னேன். மணலில் உட்கார்ந்து என்னையே நம்பித் திரும்பிப் பார்த்தவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சொல்லியிருந்தால் தாழ்ப்பாளை நீக்கினாள் என்று என் வாயில் வந்திருக்காது.

அதனால் இப்படிச் செய். அந்தக் காட்சியை எடுப்பதற்கு முன்னால் ஒருநாள் லீவு போட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வா. வீட்டுக்கு வர வேண்டாம், நேராக எலவனாசூர்கோட்டைக்குப் போ. அந்தப் பைண்டு புத்தகத்தை உனக்காகத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறாள். நீ படமெடுத்தால் கொட்டகைக்கு வருவாளாம், அதையும் சொல்லச் சொன்னாள். உங்கப்பன் மட்டும் அன்றைக்கு வாயே திறக்கக் கூடாதாம். நீ அவள் எதிரே உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டு, உன் முடிவை அவள் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்ல முடிந்தால் அதையே எடு.

மைக் வேண்டாம்.

உன் அப்பா